மூன்று மணி பஸ்ஸும் ஒரு லத்தீன் பெயரடையும்

என் தங்கச்சியின் ஆஸ்பத்திரிச் சீட்டில் நோயின் பெயர் இரண்டு சொல்லாக எழுதியிருந்தது. மயஸ்தீனியா கிராவிஸ். முதல் சொல் கிரேக்கம், இரண்டாவது லத்தீன். அந்த இரண்டாவது சொல்லைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்த அளவு பதுளையில் வேறு யாருக்கும் தெரியாது என்று சத்தியமே செய்வேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வீடு எரிந்துகொண்டிருக்கும்போது கதவு எந்த மரத்தில் செய்தது என்று ஆராய்ந்தவனுடைய அறிவு அது.

நான் பதுளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவது வேலை. ஒரு சொல்லுக்குச் சரியான சொல் கிடைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பிறந்தது மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஓடுகிற வீடுகளில் ஒன்றில். அம்மாவும் தங்கச்சியும் இன்னும் அதே ஒற்றை அறைக் காம்பராவில்தான் இருக்கிறார்கள். அம்மா வயதாகி வேலையை விட்டுவிட்டார். தங்கச்சி கொழுந்து பறிக்கிறாள். அவள் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முகம் காட்டுவான். இந்தக் கதையில் அவனுக்கு இடமில்லை. இருந்திருந்தால் என்னைவிட நன்றாகவே நடந்துகொண்டிருப்பான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பஸ்ஸில் தோட்டத்துக்குப் போவேன். சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். மூன்று மணி பஸ்தான் கடைசி பஸ். அதை விட்டால் மறுநாள்தான். பல வருஷங்களாக இதுவே வழக்கம். ஒரு தடவைகூட நான் அந்தப் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. அதற்கு மேல் அங்கே இருப்பதற்கு எனக்குப் பொறுமை இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கரி பிடித்த அந்தக் கூரையின் கீழே உட்கார்ந்தால் நான் திரும்பவும் சின்னப் பையனாகிவிடுவேனோ என்று ஒரு பயம்.

தங்கச்சி முதலில் சொன்னது கண்ணைப் பற்றி.

“கண்ணு மேல இம கனக்குதுண்ணே. பொழுது சாயச் சாய தொறக்கவே முடியல.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஞாயிறு காலை பத்து மணி. கண் இரண்டும் பளிச்சென்று திறந்திருந்தன. “ராத்திரில போன் பாக்கிறத நிறுத்து” என்றேன். அதன் பிறகு ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்றாள். கண்ணாடி போடச் சொன்னேன். பிறகு கை கனக்கிறது, தலை வார முடியவில்லை, பாதி பின்னலில் கை விழுந்துவிடுகிறது என்றாள். முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னேன். நாக்கு கனக்கிறது, கழுத்து கனக்கிறது என்றாள். அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. கேட்டிருக்கவே மாட்டேன். ஒன்றரை வருஷமாக அவள் சொன்னதெல்லாம் அந்த ஒரே சொல்தான். கனக்குது.

அவளை ஏன் யாருமே நம்பவில்லை என்று விளங்க வேண்டுமானால் தோட்டத்தில் ஒரு நாள் எப்படித் தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். காலையில் பெரட்டு. ஆட்களை எல்லாம் களத்தில் நிறுத்தி, இன்றைக்கு யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று பிரித்துவிடுகிற நேரம் அது. சுகமில்லை என்றால் அங்கேதான் சொல்ல வேண்டும். கணக்கப்பிள்ளை முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். நோயாளி மாதிரி தெரிந்தால் துண்டு எழுதித் தருவார், டிஸ்பென்சரிக்குப் போகலாம். தெரியாவிட்டால் கூடையைத் தூக்க வேண்டியதுதான். தோட்டத்தில் நோய் என்பது காலையில் தெரிய வேண்டிய ஒன்று. மத்தியானத்துக்கு மேல் வருகிற நோய்க்கு அங்கே துண்டு கிடையாது.

என் தங்கச்சியின் நோயோ தூங்கி எழுந்தால் ஓடி ஒளிந்துகொள்கிற நோய். காலையில் அவள் மற்றவர்களைப் போலவே இருப்பாள். பத்து மணி வரை கை வேகமாக ஓடும். மத்தியானம் தாண்டினால் விரல் கொழுந்தைக் கிள்ளாது. மூன்று மணிக்கு மேல் கை தோளுக்கு மேலே போகாது. சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், மடுவத்தில், கூடையை இறக்கும்போது அவளுடைய கூடை எப்போதும் குறைவாக இருக்கும். அரைப்பேர்தான் விழும், பாதி நாள் சம்பளம். கங்காணி எல்லார் முன்னாலும் சொல்வாராம்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். காலைல ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிக்கிட்டுத்தானே வந்த?”

மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிக்கப் பார்ப்பாள். அந்த நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு வராது, வாய் ஒரு பக்கம் சுளிக்கும். அதைப் பார்த்துவிட்டு முறைக்கிறாள் என்பார்கள்.

சில நாள் வேலை முடிந்து எனக்குப் போன் எடுப்பாள். குரல் மூக்கால் வரும். சொல் எல்லாம் குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நான் அந்த நேரத்தில் அலுவலகத்திலிருந்து வந்து களைத்துப்போய் இருப்பேன்.

“மூக்கால பேசாத. அழுது காட்டினா வேலை கொறையுமா?”

“அழலண்ணே. நாக்கு கனக்குது.”

“சரி சரி, படு” என்று வைத்துவிடுவேன். இத்தனை வருஷம் சொற்களோடு வாழ்கிறவன் நான். ஒரு சொல்லை ஒரு மனுஷி நூறு தடவை திருப்பிச் சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. கனக்குது என்பது எனக்குப் பழகின சொல். எங்கள் லயத்தில் எல்லாருக்கும் எல்லாம் கனக்கும்.

கடைசியில் அம்மாவின் தொந்தரவு தாங்காமல் அவளைப் பதுளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேதான் நாங்கள் செய்த பெரிய பிழை இருக்கிறது. எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் பஸ்ஸில் மயங்கி விழக்கூடாது என்று அம்மா அவளை இரண்டு நாள் வேலைக்கு அனுப்பவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்து, முட்டை அவித்துக் கொடுத்துப் படுக்க வைத்திருந்தார். முதல் நாளே என் அறைக்கு வந்துவிட்டாள். நன்றாகத் தூங்கினாள். காலையில் தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்கு உடுத்துகிற சேலையை உடுத்தி, பவுடர் போட்டு, பொட்டு வைத்துக்கொண்டாள். தோட்டத்து ஆள் என்று யாரும் இளக்காரமாகப் பேசிவிடக் கூடாது அல்லவா? ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் எங்கள் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் போவார்கள். இருப்பதில் நல்லதை உடுத்தி, வியாதியை மறைத்துக்கொண்டு போவார்கள். இந்த வியாதிக்கு அதைவிட நல்ல வேஷம் கிடைக்காது.

டாக்டர் கையை அழுத்தச் சொன்னார். அழுத்தினாள். கண்ணைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், எல்லாம் சரியாக இருந்தது. அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். பத்து மணிக்கு, இரண்டு நாள் இளைப்பாறிவிட்டு வந்தவளிடம் யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ரத்தம் கொஞ்சம் குறைவு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனசுக்கு ஏதாவது கவலையா என்று அன்பாகவே கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டில் வைத்துத் திட்டினேன். சனம் பார்க்கிறது என்றுகூட யோசிக்கவில்லை.

“ஒரு நாள் லீவு போச்சு. டாக்டர் முன்னால மானம் போச்சு. இனிமே நடிக்கிறத விட்டுட்டு வேலையப் பாரு.”

அவள் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். மத்தியான வெயில் முகத்தில் விழுந்தது. பஸ் கிளம்பும்போது ஒரு பக்கத்து இமை பாதி இறங்கியிருந்தது. என்னை அலட்சியமாகப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு அவள் எனக்குப் போன் எடுக்கவில்லை. நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

நாலு மாதம் கழித்து அம்மாவிடம் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்க வேண்டி வந்தது. வேலை நாளில் போனேன். மத்தியானம் மழை பிடித்தது. எங்கள் பக்கம் மழை பிடித்தால் எல்லார் வாயிலும் மீரியபெத்த என்ற பெயர் வந்துவிடும். ஒரு லயமே மண்ணுக்குள் போன இடம் அது. மேலே எங்கேயோ ரோட்டில் மண் சரிந்திருக்கிறது, மூன்று மணி பஸ் வராது என்றார்கள். எனக்குக் கடுங்கோபம். மறுநாள் அலுவலகத்தில் அவசர வேலை இருந்தது. காம்பராவின் வாசலில் நின்று மழையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மழை விட்டதும் பொழுது போகாமல் மடுவத்துப் பக்கம் நடந்தேன். பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருத்தி தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, குருடி நடப்பதுபோல் காலைத் தடவித் தடவி வைத்து வந்தாள். யாரோ ஒரு கிழவி என்று நினைத்தேன். பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது.

அவளுக்கு முப்பத்தொரு வயது. இரண்டு இமையும் ஏறக்குறைய முழுதாக விழுந்து கிடந்தன. அந்த இடுக்கு வழியாக என்னைப் பார்ப்பதற்குத்தான் தலையை அப்படிச் சாய்த்திருக்கிறாள். வாய் திறந்து தொங்கியது. கூடையைப் பக்கத்துப் பெண் சுமந்து வந்தாள். “ஒரு வாரமா இப்புடித்தாங்க. நாங்கதான் தூக்கிட்டு வர்றோம். நீங்க சாயங்காலத்துல வர்றதே இல்லையே” என்றாள் அந்தப் பெண். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள்.

இந்த ஒன்றரை வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் என் தங்கச்சியின் சாயங்காலத்தைப் பார்த்தேன்.

காம்பராவில் அம்மா சோற்றைக் குழைத்து வைத்திருந்தார். நாலு வாய் மென்றாள். அதற்கு மேல் தாடை அசையவில்லை. விரலால் தாடையைத் தள்ளித் தள்ளி மூடினாள். தண்ணீர் கொடுத்தேன், மூக்கால் வந்தது. இருமினாள். இருமல்கூட முழுதாக வரவில்லை, ஊதின பலூனில் காற்றுப் போனதுபோல் ஒரு சத்தம். மூச்சு மேலே மேலே ஏறியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, நான் சொன்னேனே, தெனமும் சொன்னேனே” என்று அழ ஆரம்பித்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நான் அதைக்கூடச் செய்யத் தெரியாமல் நடுக் காம்பராவில் நின்றேன்.

தோட்டத்து வேன் கேட்க ஓடினேன். டிரைவர் நல்ல மனுஷன், துண்டு எங்கே என்று கேட்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கிளம்பினோம். ரோட்டில் மண் சரிந்த இடத்தில் ஒரு பக்கமாக ஊர்ந்து போனோம். அவள் தலை நிற்கவில்லை. முன்னால் விழுந்தால் மோவாய் நெஞ்சில் முட்டி மூச்சு அடைத்தது. பின்னால் சாய்ந்தால் எச்சில் தொண்டைக்குள் இறங்கிப் புரை ஏறியது. ஆகையால் நான் எதிரே முழங்காலிட்டு அவள் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன். கட்டை விரல் இரண்டும் தாடைக்குக் கீழே. மற்ற விரல்கள் காதுக்குப் பின்னால். பசறை தாண்டும்போது என் கை நடுங்கத் தொடங்கியது. ஒரு மனுஷத் தலை இவ்வளவு கனமா? இதை அவள் ஒன்றரை வருஷம் தனியாகச் சுமந்திருக்கிறாள். கூடையும் சேர்த்து.

கையை மாற்ற முடியவில்லை. மாற்றுகிற இடைவெளியில் போய்விடுவாளோ என்று பயம். முருகா, முருகா என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. மனசு மட்டும் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றது. நடிக்கிறத விட்டுட்டு வேலையப் பாரு.

ஆஸ்பத்திரியில் அன்று இருந்தது யாழ்ப்பாணத்துப் பெண் டாக்டர் ஒருவர், இளவயது. தங்கச்சியின் முகத்தைப் பார்த்ததுமே கிட்ட வந்தார். “மேல பாருங்கோ, அப்பிடியே பாத்துக்கொண்டிருங்கோ” என்றார். இமைகளில் மிச்சமிருந்த கொஞ்சமும் மெல்ல இறங்கி மூடியது. ஐஸ் கொண்டுவரச் சொல்லி, கையுறைக்குள் போட்டு ஒரு கண்மேல் இரண்டு நிமிஷம் வைத்தார். எடுத்தபோது அந்தக் கண் திறந்திருந்தது. குளிர் பட்டால் இந்த வியாதியில் இமை கொஞ்ச நேரம் தூக்குமாம். ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து என் தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

“எத்தினை நாளா இப்பிடி? ஏன் முதலே கூட்டிக்கொண்டு வரேல்லை?”

“ஒரு தடவை வந்தோங்க. காலையில. ரெண்டு நாள் படுக்க வச்சு, குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்தோம்.”

டாக்டர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “விளங்குது” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீட்டில் அந்த இரண்டு சொல்லையும் எழுதினார். நான் அதைத் தலைகீழாகப் படித்தேன். கொஞ்ச நேரத்தில் தொண்டைக்குள் குழாய் போட்டு அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். இனி மெஷின்தான் மூச்சு விடும், எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார்கள். கதவு மூடிக்கொண்டது.

அந்தக் கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு. நாள் முழுக்க அதில்தான். அம்மா ஒரு பக்கம் ஜெபம்போல் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருப்பார். என் கையில் போன். நான் செய்யத் தெரிந்த ஒன்றே ஒன்றைச் செய்தேன். சொல்லைத் தேடினேன்.

மயஸ்தீனியா என்றால் தசைக்குப் பலமில்லை என்பது. அது பெயர்ச்சொல். கிராவிஸ் அதற்கு வந்த பெயரடை. லத்தீனில் பெயரடை பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் நிற்குமாம். அதோடு பெயருக்கு ஏற்றபடி வேஷமும் மாற்றுமாம். நல்லவனுக்குப் போனுஸ், நல்லவளுக்குப் போனா, இரண்டிலும் சேராததற்குப் போனும். கிராவிஸ் வேறு குடும்பம். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதற்கு ஒரே முகம், கிராவிஸ். மூன்றாவது பாலுக்கு மட்டும் கிராவே. இன்னும் கூடினால் கிராவியோர். எல்லாவற்றிலும் கூடினது பெண்பாலில் கிராவிஸ்ஸிமா. நம் பெயரடைக்கு இந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. கனத்த கூடை, கனத்த மனசு, கனத்த தலை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி அது பாட்டுக்கு முன்னால் நிற்கும். மொழிபெயர்ப்பாளன் மூளை இதையெல்லாம் ரசித்தது. உள்ளே தங்கச்சி மெஷினில் கிடக்கும்போது ரசித்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் அந்தக் கதவுதான் இருக்கிறது.

இங்கிலீஷில் சவக்குழிக்கும் கிட்டத்தட்ட இதே ஓசையில் ஒரு சொல் உண்டு. அது ஞாபகம் வந்ததும் அவசர அவசரமாக அதையும் தேடினேன். அது வேறு வேர், தோண்டுதல் என்ற பொருளில் வந்ததாம். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அம்மாவிடம் திரும்பி, “பயப்படாதம்மா, வேற வேற சொல்லு” என்றேன். அம்மா என்னை, இவனுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல் பார்த்தார்.

மூன்றாம் நாள் அந்தச் சொல்லுக்குள் இன்னும் ஆழமாகப் போனேன். கிராவிஸுக்கும் வடமொழிக் குரு என்ற சொல்லுக்கும் ஒரே பழைய வேராம். குரு என்பதற்கு முதல் பொருளே கனமானது என்பதுதான். ஆசிரியரைக் குறித்தது பிறகு வந்தது. ரோமாபுரியில் மூட்டைக்கும் கிராவிஸ், தாழ்ந்த குரலுக்கும் கிராவிஸ், லேசில் சிரிக்காத பெரிய மனுஷனுக்கும் கிராவிஸ். பிள்ளைத்தாய்ச்சிக்கு அதே வேரில் கிராவிடா. கடும் நோய்க்கும் அதுவே. நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த நோய் வந்தவர்கள் பிழைப்பது அரிது, அதனால்தான் இந்த அடைச்சொல்லை வைத்தார்களாம். ஆனால் எந்த அகராதியைத் திறந்தாலும், எந்த மொழியில் திறந்தாலும், முதல் பொருள் ஒன்றுதான்.

கனமான.

நான் போனை மடியில் வைத்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சின்ன வயசில் எழுதிப் பழகியிருக்கிறேன். அந்தச் சுரைக்காய் அன்று என் தலையில் விழுந்தது.

அன்று சாயங்காலம் பத்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். கண்ணைக் கொஞ்சம் திறந்திருந்தாள். வாயில் குழாய், பேச முடியாது. மெஷின் இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் மடத்தனமாகப் பாடம் நடத்தினேன்.

“உன் வியாதிக்குப் பேரு கண்டுபிடிச்சிட்டாங்க. கிராவிஸ். லத்தீன்ல கனமானதுன்னு அர்த்தம்.”

அவள் விரலை ஆட்டினாள். எழுதவேண்டும் என்று புரிந்து நர்ஸ் பேனாவும் அட்டையும் கொடுத்தார். எழுத்து ஒவ்வொன்றும் கோட்டிலிருந்து கீழே கீழே சரிந்தது.

நான் சொன்னேன்ல.

அவ்வளவுதான். பேனா விழுந்துவிட்டது. நர்ஸ் எனக்கு ஏதோ ஆறுதல் சொன்னார், காதில் ஏறவில்லை. வெளியே வந்து பெஞ்சுக்குப் போகாமல் மாடிப்படிக்குக் கீழே நின்று அழுதேன். எனக்கு நாற்பது வயது, அப்படி நான் அழுததில்லை. செத்துவிட்டால் இதுதான் கடைசிச் சொல். அதற்கு நான் பதில் சொல்லவே இல்லை.

சாகவில்லை. பத்தொன்பது நாளில் குழாயை எடுத்தார்கள். இன்னொரு மாதம் வார்டில் இருந்தாள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திரை, ஆயுசு முழுக்க. மாத்திரை டவுனில் சில சமயம் கிடைக்காது. கடை கடையாக ஏறி இறங்குவேன். இருமலோ காய்ச்சலோ வந்தால் திரும்பவும் அந்தக் குழாய் வரலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஆகவே இது முடிந்த கதை இல்லை.

தோட்டத்துக்கு ஒரு கடிதம் தேவைப்பட்டது, இலேசான வேலை கொடுக்கச் சொல்லி. ஆஸ்பத்திரிச் சீட்டைச் சிங்களத்திலும் தமிழிலும் நானே மொழிபெயர்த்து இணைத்தேன். தோட்டத்து ஆபீசில் அந்த லத்தீன் பெயரைப் படித்ததும் பெரிய கிளார்க் எழுந்து நின்றுவிட்டார். “இவ்வளவு பெரிய வியாதியா? சொல்லவே இல்லையே!” கங்காணியும் அங்கே இருந்தார். வாயில் கையை வைத்துக்கொண்டு, “பாவம்ங்க, எங்களுக்குத் தெரியாதே” என்றார். ஒரு நிமிஷத்தில் எல்லாரும் நம்பிவிட்டார்கள். கன்று வளர்க்கிற இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை அன்றைக்கே கிடைத்தது. நான் அவர்களோடு சண்டை போடுகிற ஆத்திரத்தோடுதான் போயிருந்தேன். போட எனக்கு என்ன யோக்கியதை? அவர்களுக்குத் தேவைப்பட்ட அதே லத்தீன்தான் எனக்கும் தேவைப்பட்டது.

இப்போது நான் ஞாயிற்றுக்கிழமை போவதில்லை. சனிக்கிழமை மத்தியானம் கிளம்பி, அவள் வேலை முடிந்து வருகிற நேரத்துக்குப் போய்ச் சேர்கிறேன். அந்தக் காம்பராவிலேயே பாய் போட்டுப் படுத்துவிட்டு மறுநாள் திரும்புகிறேன். கரி பிடித்த கூரை அப்படியேதான் இருக்கிறது.

“காலைல வாயேண்ணே, நல்லாப் பேசலாம். சாயங்காலம் எம் மூஞ்சி நல்லா இருக்காது” என்கிறாள்.

“இருக்கட்டும்” என்கிறேன்.

போன சனிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. அடுத்த மாத்திரைக்கு இன்னும் அரை மணி இருந்தது. இமை இரண்டும் இறங்கிவிட்டன. அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு, மூக்கால் வருகிற அந்தக் குரலில், யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

“கனக்குதுண்ணே.”

நான் எதிரே போய் உட்கார்ந்து அவள் தலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

“ஆமா புள்ள” என்றேன்.